வரும் ஆண்டில் பயணத்துக்கு முதலிடம்: செட்டிநாட்டுக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், பொன்னமராவதி வட்டாரத்திலிருந்து புறப்படுவோரை மனத்தில் வைத்து எழுதியது. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ கிளம்புவோருக்குச் சில பதில்கள் பொருந்தாது.

வருஷா வருஷம் "இந்தத் தடவை எங்காவது போய்வரணும்" என்கிறோம். மார்கழி வந்தால் போகவில்லை என்று தெரிகிறது. எங்கே தவறுகிறது?

பெரும்பாலும் பணத்தில் இல்லை, தேதியில்தான். நம் பக்கத்து நாட்காட்டியை மற்றவர்கள் நிரப்பிவிடுகிறார்கள். கல்யாணம், சாந்தி (அறுபதாம், எண்பதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோருக்குப் படையல்), குடமுழுக்கு, பிள்ளையார் நோன்பு, ஊர்த் திருவிழா எல்லாம் போக மிஞ்சும் நாளில் போகலாம் என்று நினைத்தால் மிஞ்சுவது ஒன்றுமிருக்காது.

வரிசையை மாற்றுங்கள். புது நாட்காட்டி கைக்கு வந்ததும், தள்ளிப்போட முடியாத சொந்த வீட்டு நாட்களை மட்டும் சிவப்பில் குறியுங்கள். உங்கள் வீட்டுப் படைப்பு, பிள்ளைகளின் பரீட்சை, உடன்பிறந்தார் வீட்டுக் கல்யாணம், அவ்வளவுதான். ஒன்றுவிட்ட உறவுகளின் விசேஷங்கள் இந்தச் சிவப்பில் சேரா. அடுத்து மூன்று இடைவெளிகளைப் பச்சையில் குறியுங்கள்: ஐந்தாறு நாள் ஒன்று, மூன்று நாள் ஒன்று, ஒரு நாள் ஒன்று. நாட்காட்டியை எல்லார் கண்ணிலும் படும்படி சமையற்கட்டில் மாட்டுங்கள்.

தேதி குறித்த பிறகும் அழைப்பிதழ் வரத்தான் செய்யும். பச்சை நாளில் விசேஷம் விழுந்தால் வீட்டிலிருந்து யார் ஒருவர் போய்த் தலையைக் காட்டி மொய் எழுதிவிட்டு வருவது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பேசாத வீட்டில் முதல் அழைப்பிதழிலேயே திட்டம் கவிழும்.

எந்த மாதம் எந்தப் பக்கம் போகலாம்?

ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றிலும் பொதுவாகக் கல்யாணம் கிடையாது. நமக்கு வாய்த்த இடைவெளிகள் இவை.

ஆடியில் குற்றாலம். சீசன் ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் வரை போகும். அதே ஆடியில் மூணாறும் வயநாடும் வேண்டாம். தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிகழ்ந்த நிலச்சரிவை நினைத்துக்கொள்ளுங்கள். புரட்டாசியில் காலாண்டு விடுமுறை வருகிறது, மைசூர் தசராவும் அதையொட்டியே வரும். ஐப்பசி, கார்த்திகையில் நம் கடற்கரைக்குப் புயல் காலம். அப்போது ராமேசுவரம், நாகப்பட்டினம் பக்கம் போவதைவிட வடக்கே போவது மேல். காசிக்கும் ராஜஸ்தானுக்கும் தோதான நேரம்.

மார்கழியில் காசி வேண்டாம். டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடிய வட இந்தியாவில் மூடுபனி. ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும், அடுத்த வண்டியைப் பிடிக்க முடியாமல் போகும். அரையாண்டு விடுமுறை என்று அப்போது காசிக்குப் போகிறவர்கள் பாதி நாளை நடைமேடையில் கழிக்கிறார்கள். மாசியில் போனால் குளிரும் விட்டிருக்கும், வெயிலும் ஏறியிருக்காது.

கோடையில் கொடைக்கானல், ஊட்டி என்றால் இ-பாஸ் எடுத்த பிறகே அறை பதிவு செய்யுங்கள். 2024 மே 7 முதல் சொந்த வண்டியிலும் வாடகை வண்டியிலும் வருவோருக்கு அது கட்டாயம். 2025 கோடையில் நாள் கணக்கில் வண்டி வரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்தில் ஏறிப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பணத்துக்கு என்ன வழி?

நால்வர் குடும்பம் ஆண்டுக்கு 60,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 5,000. அதைச் சம்பளம் வந்த மறுநாளே தானாக நகரும்படி வங்கியில் 12 மாதத் தொடர் வைப்பாகப் போடுங்கள். அஞ்சலகத் தொடர் வைப்பு இதற்குச் சரிவராது, அதன் தவணை 5 ஆண்டு. ஏலச்சீட்டும் சரிவராது. தேவைப்படும் மாதத்தில் எடுக்க வேண்டுமென்றால் தள்ளு (ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தொகை) அதிகம் போகும்.

டிக்கெட்டையும் அறையையும் சரியாகக் கணக்குப் போடுகிறோம். ஆட்டோ, கோயில் சீட்டு, லாக்கர், தண்ணீர், பிள்ளைகளின் கைச்செலவு இவற்றில்தான் கோட்டை விடுகிறோம். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை இதற்கென்றே தனியாக வைத்துவிடுங்கள்.

சிக்ரி (காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம்) போன்ற மத்திய அரசு நிறுவனங்களில் இருப்போர் எல்.டி.சி.யை (விடுப்புப் பயணச் சலுகை) மறந்துவிட வேண்டாம். இப்போதைய நான்காண்டுத் தொகுதி 2026–29. விமானத்தில் போவதானால் டிக்கெட்டை அனுமதி பெற்ற மூன்று முகவர்களில் ஒருவரிடம்தான் (பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி.) எடுத்திருக்க வேண்டும். மற்ற செயலிகளில் எடுத்தால் பணம் திரும்பக் கிடைப்பது கடினம்.

ரயில் டிக்கெட் எப்போது பார்த்தாலும் வெயிட்டிங் லிஸ்ட். எப்படி எடுப்பது?

2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். டிசம்பர் 24 அன்று புறப்பட வேண்டுமென்றால் அக்டோபர் 25 காலை 8 மணி. இடைப்பட்ட நிலையத்தில் ஏறுகிறவர்கள், வண்டி அதன் முதல் நிலையத்தைவிட்டுக் கிளம்பும் தேதியிலிருந்து எண்ணுங்கள். வடக்கேயிருந்து திரும்பும் டிக்கெட்டில் இந்த ஒரு நாள் பிசகால் இடத்தை இழப்பவர்கள் நிறைய.

8 மணிக்கு உட்காரும்முன் செய்து வைக்க வேண்டியவை சில. ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் சரிபார்ப்பை ஒரு வாரம் முன்பே முடியுங்கள். தட்கலுக்கு 2025 ஜூலையிலிருந்து அது கட்டாயம். அதே ஆண்டு அக்டோபரிலிருந்து சாதாரண முன்பதிவு திறக்கும் நேரத்துக்கும் கேட்கிறார்கள். பயணிகளின் பெயர், வயதைக் கணக்கிலேயே சேமித்து வையுங்கள். வங்கி அட்டை எண்ணை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தால் இடம் போய்விடும், பணத்தை ஐ.ஆர்.சி.டி.சி. வாலட்டில் போட்டு வைப்பது வேகம்.

தட்கல் முந்தின நாள் திறக்கும்: ஏசி வகுப்புக்குக் காலை 10, மற்றதற்கு 11. முதல் அரை மணி நேரம் ஏஜெண்டுகள் தட்கல் பதிவு செய்ய முடியாது. "கடைக்காரர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிட்டால், அவர் உள்ளே நுழையும்போது இடம் தீர்ந்திருக்கும்.

சென்னைக்கென்றால் பல்லவன் எக்ஸ்பிரஸை முதலில் பாருங்கள். காரைக்குடியிலிருந்தே விடியலில் கிளம்புவதால் ஒதுக்கீடும் இங்கிருந்தே. மதியம் எழும்பூர், இரவு வடக்கே போகும் வண்டி என்று தொடுக்கலாம். இரண்டு வண்டிகளுக்கும் நடுவே ஐந்து மணி நேரமாவது விடுங்கள், எழும்பூரிலிருந்து சென்ட்ரல் போக வேண்டியிருக்கும்.

ஆச்சிக்கு எழுபது வயது. கீழ்ப் படுக்கை கிடைக்க என்ன செய்வது?

60 வயது முடிந்த ஆண்கள், 45 முடிந்த பெண்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான் அது செல்லும். குடும்பத்தில் ஆறு பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் ஒதுக்கீடு போயிற்று. ஆச்சி மேலே ஏற வேண்டியதுதான். அப்பச்சிக்கும் ஆச்சிக்கும் தனி டிக்கெட், மற்றவர்களுக்குத் தனி டிக்கெட். பெட்டி மாறி விழலாம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மூத்தோருக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனது, அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

வாடகை வண்டி எடுத்தால் சௌகரியம்தானே?

எட்டுப் பேர், இரண்டு நாள், கோயில் கோயிலாக இறங்கி ஏறுவது என்றால் சௌகரியம்தான். மலைக்குப் போய் அறையில் தங்குவதற்கு வீண் செலவு.

கணக்கைப் பாருங்கள். வெளியூர் வாடகையில் நாளொன்றுக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் உண்டு, 250 என்று கொள்வோம். காரைக்குடியிலிருந்து கொடைக்கானல் சுமார் 200 கி.மீ. போக வர 400, அங்கே சுற்றுவது 80. மூன்று நாளில் ஓடுவது 480. நீங்கள் கொடுப்பது 750-க்கு. அதன் மேல் ஓட்டுநர் பேட்டா, சுங்கம், மலைப் படி. கேரளம், கர்நாடகம் போனால் பர்மிட் வரி வேறு. கிலோமீட்டர் உங்கள் வாசலிலிருந்தா, அவர்கள் ஷெட்டிலிருந்தா என்பதைப் பேசும்போதே கேட்டுவிடுங்கள். இறங்கும்போது வரும் சண்டையில் பாதி அதனால்தான்.

இரவு முழுக்க ஓட்டச் சொல்லிக் காலையில் அதே ஓட்டுநரை மலை ஏறச் சொல்ல வேண்டாம். ஒரு இரவு அறை வாடகையை மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

நகரத்தார் விடுதிகளில் தங்கலாமா?

பழனி, ராமேசுவரம், காசி என்று நகரத்தார் சத்திரங்களும் விடுதிகளும் பல ஊர்களில் இருக்கின்றன. சில நகரத்தாருக்கு மட்டும், சில எல்லாருக்கும். ஊர், கோயில் பிரிவு, புள்ளி (நகரத்தார் கணக்கில் ஒரு குடும்பம்) பற்றிய விவரம் கேட்பார்கள். போனில் பேசி, பெயர் எழுதிக்கொண்டார்களா என்று உறுதி செய்துகொண்டு போங்கள். தைப்பூசத்துக்குப் பழனியில் காவடியோடு நடந்து வருகிறவர்களுக்கே இடம் போதாது. அந்த வாரத்தில் சுற்றுலாவாகப் போய் அறை கேட்பது முறையும் அல்ல.

காசி யாத்திரையை முறைப்படி செய்வோர் ராமேசுவரத்து மணலை எடுத்துப்போய்ப் பிரயாகையில் கரைத்து, கங்கை நீரோடு ராமேசுவரத்துக்கே திரும்ப வேண்டும். இரண்டு ராமேசுவரப் பயணத்தையும் விடுப்புக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். பாம்பனில் புது ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டதால் ரயிலிலேயே தீவுக்குள் போய் வந்துவிடலாம்.

பாஸ்போர்ட் எப்போது எடுப்பது?

இப்போதே. டிக்கெட் எடுத்த பிறகு என்று நினைக்க வேண்டாம்.

பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் 1,500 ரூபாய். தட்கல் என்றால் மேலும் 2,000. பெரியவர்களுக்கு 10 ஆண்டு செல்லும், பிள்ளைகளுக்கு 5 ஆண்டு. காலாவதிக்கு ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் பல நாடுகள் உள்ளே விடுவதில்லை. பழைய புத்தகத்தைப் பெட்டகத்திலிருந்து எடுத்துத் தேதியை இன்றே பாருங்கள்.

செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. சிவகங்கை மாவட்டத்து ஊர்கள் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ், புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்கள் திருச்சியின் கீழ். விண்ணப்பத்தை நாட்டில் எங்கும் கொடுக்கலாம் என்றாலும் காவல்துறைச் சரிபார்ப்பு நீங்கள் எழுதிய முகவரிக்குத்தான் வரும். ஊர்வீட்டு முகவரி கொடுத்துவிட்டுச் சென்னையில் உட்கார்ந்திருந்தால் வந்தவர் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

நம் பக்கத்தில் அதிகம் சிக்குவது பெயரில். வீட்டு விலாசம் என்று குடும்ப முதலெழுத்துகள் மூன்று, நான்கு பெயருக்கு முன்னால் நிற்கும். பாஸ்போர்ட்டில் முதலெழுத்து ஏற்கப்படாது, விரித்து எழுத வேண்டும். பாட்டனார், பூட்டனார் எழுத்தையெல்லாம் விரிக்கப் போனால் பெயர் ஒரு சாண் நீளும். எந்த ஆவணத்தோடும் பொருந்தாது. தகப்பனார் பெயரை மட்டும் விரித்துக் குடும்பப் பெயர் (Surname) கட்டத்தில் போடுங்கள், சொந்தப் பெயரைக் கொடுக்கப்பட்ட பெயர் (Given Name) கட்டத்தில் போடுங்கள். குடும்பப் பெயர் கட்டத்தை வெறுமையாக விட வேண்டாம். ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டில் துபாய்க்குச் சுற்றுலா விசா கிடைப்பதில் 2022 முதல் சிக்கல். ஆதார், பான், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் மூன்றிலும் எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். வேறாக இருந்தால் முதலில் ஆதாரைத் திருத்துங்கள். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்த குழந்தைக்குப் பிறந்த தேதிச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே செல்லும். அதில் குழந்தையின் பெயர் பதிந்திருக்க வேண்டும்.

முதல் வெளிநாட்டுப் பயணம். எங்கே போகலாம்?

அந்தக் காலத்தில் நம்மவர்கள் கொண்டுவிக்க (கடல் கடந்து வணிகம் செய்ய) போன திசையிலேயே போகலாம். மலேசியா முதற்பயணத்துக்கு எளிது. 2026 டிசம்பர் 31 வரை இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை. வருகைப் படிவத்தை இணையத்தில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் போலி. திரும்பும் டிக்கெட்டையும் தங்குமிடப் பதிவையும் தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள், குடிவரவில் கேட்டால் போனைத் தேட வேண்டாம்.

திருச்சியிலிருந்து கோலாலம்பூர் நேர் விமானம், சுமார் நாலு மணி நேரம். அங்கிருந்து ரயிலில் பட்டர்வொர்த், அப்புறம் படகில் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன். தண்ணீர்மலைக் கோயிலும் நகரத்தார் அங்கே கட்டிய கோயிலும் ஒரே நாளில் முடியும். தைப்பூசத்தில் வெள்ளிரதம் பார்க்க விரும்பினால் அறையை நாலு மாதம் முன்பே பிடியுங்கள்.

சிங்கப்பூருக்கு விசா உண்டு, அனுமதி பெற்ற முகவர் வழியாக விண்ணப்பிக்கலாம். இலங்கைக்கு மின்னணுப் பயண அனுமதி வேண்டும், புறப்படும்முன் இணையத்திலேயே பெற்றுவிடுவது நல்லது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல், வடகிழக்குப் பருவமழையில் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், ஊறுகாயும் பொடியும் பெட்டியில். கொப்பரைத் தேங்காய்க்கு இரண்டிலுமே இடமில்லை.

லீவும் இல்லை, பணமும் இல்லை. ஒரு நாளில் எங்கே போகலாம்?

பாரிஸிலிருந்து வந்து பார்க்கிறவர்கள் இருக்க, நாம் பார்க்காதவை பக்கத்திலேயே கிடக்கின்றன.

ஒரு நாள் புதுக்கோட்டைப் பக்கம். காலை 6 மணிக்குக் காரைக்குடியில் கிளம்பித் திருமயம். பெருமாளும் சிவனும் ஒரே பாறையில் அடுத்தடுத்துக் குடைந்த கோயில்களில் இருக்கிறார்கள். அடுத்து நார்த்தாமலை, விசயாலய சோழீச்சுரம். பாறை மேல் ஏறுவதை 10 மணிக்குள் முடித்துவிடுங்கள், 11-க்கு மேல் வெறுங்கால் வைக்க முடியாது. மேலே கடையும் இல்லை. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். வெயில் ஏறியதும் சித்தன்னவாசல் குகைக்குள் போய் ஓவியம் பார்க்கலாம். மாலையில் கொடும்பாளூர் மூவர் கோயில். மூன்றில் நிற்பது இரண்டு.

இன்னொரு நாள் நகரத்தாரின் ஒன்பது கோயில்கள்: இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. ஒரே நாளில் ஒன்பதையும் முடிக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் நண்பகலில் நடை சாத்தியதும் நாலு மணி வரை வெயிலில் காத்திருப்பார்கள். இரண்டு காலைப்பொழுதாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சாதாரண நகரப் பேருந்தில் போனால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

மார்கழி, தையில் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிக்குப் பறவைகள் வரும். அவை மிரளக் கூடாதென்று கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. நீங்களும் அங்கே ஹாரன் அடிக்காதீர்கள்.

கட்டுச்சோறு கெடாமல் கொண்டுபோவது எப்படி?

நால்வருக்கு இரண்டு வேளை என்றால் 800 கிராம் அரிசி, 100 கிராம் புளி, 150 மில்லி நல்லெண்ணெய். சோற்றைத் தட்டில் பரப்பி முழுக்க ஆறிய பிறகு புளிக்காய்ச்சலைப் பிசையுங்கள். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் ஆவி நீராகி மூடியிலிருந்து சொட்டும், அந்த இடத்தில்தான் முதலில் ஊசும். இட்லிக்கு இரண்டு பக்கமும் எண்ணெயும் பொடியும் தடவி, ஆறவிட்டு, தணலில் வாட்டிய வாழையிலையில் கட்டுங்கள். தேங்காய்த் துவையல் மதியத்துக்கு மேல் தாங்காது. தேன்குழலும் சீப்புச்சீடையும் வாரம் தாண்டும்.

பெரிய வீட்டைப் பூட்டிவிட்டுப் போக மனம் வரவில்லை.

நியாயமான கவலைதான். கிளம்பும்முன் வளவில் (வீட்டின் நடு முற்றம்) தண்ணீர் போகும் துவாரத்தில் கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். ஐப்பசி மழையில் இலை அடைத்தால் ஒரே இரவில் பட்டாலை (உயர்த்திக் கட்டிய கூடம்) வரை தண்ணீர் ஏறும். வளவுக்கு மேல் கம்பி வலை இல்லாவிட்டால், அதைப் போட்ட பிறகே நீண்ட பயணம். எரிவாயு ரெகுலேட்டரைக் கழற்றுங்கள், மேல்தொட்டி வால்வை மூடுங்கள், குளிர்சாதனப் பெட்டி தவிர மற்ற மின் இணைப்புகளை அணையுங்கள். பூட்டிய வீடு என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். சாவி ஒருவரிடம், வீட்டைச் சுற்றிப் பார்ப்பது இன்னொருவர். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போடுவது திரும்பி வந்த பிறகு.

எல்லாம் செய்த பிறகு பங்காளி வீட்டில் துக்கம் விழுந்தால்?

கோயில் பயணமென்றால் தீட்டுக் கழியும்வரை தள்ளித்தான் ஆக வேண்டும். அதனால் அறையை எப்போதும் கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய வகையில் எடுங்கள். அதிகம் போகும் இருநூறு முந்நூறு ரூபாயை இதற்கான காப்பீடாக நினைத்துக்கொள்ளலாம். ஒருவர் மட்டும் போக முடியவில்லை என்றால், உறுதியான ரயில் டிக்கெட்டைப் பெற்றோர், உடன்பிறந்தார், கணவன் அல்லது மனைவி, பிள்ளை ஆகியோரில் ஒருவர் பெயருக்கு மாற்றலாம். வண்டி கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன்பு முன்பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். டிக்கெட் அச்சு, இருவரின் அடையாள அட்டை, உறவைக் காட்டும் சான்று மூன்றும் வேண்டும். குடும்ப அட்டை நகல் ஒன்றைப் பயணக் கோப்பில் எப்போதும் வைத்திருங்கள்.